பத்மாவதி ஊற்றிய உறை

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வாருங்கள். நான் எழுதப்போவது வயிற்றுப்போக்கைப் பற்றி. நாசூக்காக எழுத எனக்கு வராது. பாதி வருடத்தை மருத்துவமனைக் கழிவறையில் கழித்தவளிடம் நாசூக்கு எங்கே மிச்சமிருக்கும்?

என் பெயர் வசந்தா. சின்ன காஞ்சிபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், கூட வேலைக்குச் செல்வி என்று ஒருத்தி. சுற்றிலும் தறி வீடுகள். காலையில் எழுந்ததும் தறியில் உட்காருகிற வீட்டில் மாவு ஆட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் என் பிழைப்பு ஓடுகிறது. என் கணவர் தனசேகர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் நிவேதா, கல்லூரியில் கடைசி வருடம்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. மாவு அண்டாவைச் சுரண்டிக் கழுவக் கூடாது. அடியில் ஒரு கரண்டி பழைய மாவு இருக்க வேண்டும். அதுதான் புது மாவைப் புளிக்க வைத்துப் பொங்க வைக்கும். ஒரு மழை நாளில் செல்வி, சுத்தமாக இருக்கட்டுமே என்று அண்டாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் மாவு எழும்பவே இல்லை. களிமண் போலக் கிடந்தது. "அறிவு இருக்குதாடி உனக்கு? எல்லாத்தையும் சாவடிச்சிட்டியே!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். கொடுமை என்னவென்றால், அதே வாரத்தில் நான் என் வயிற்றுக்கு அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடைவாய்ப் பல் ஒன்று வீங்கியிருந்தது. பல் டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. அடுத்த மாதம் மறுபடி வலித்தது. பல்லைப் பிடுங்க வரச் சொன்னார். எனக்கு எங்கே நேரம்? சீட்டின் படம் போனில் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் நீட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், எத்தனை அட்டை என்று. இப்படியே மூன்று முறை. அந்த மாத்திரைக்கு ஆன்ட்டிபயாடிக் என்று பெயர், கிருமியைக் கொல்லும் என்று எனக்கும் தெரியும். எந்தக் கிருமியை என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது அட்டை முடிந்த நாலாம் நாள் போக ஆரம்பித்தது. முதலில் ஒரு கல்யாண விருந்தின் மேல் பழி போட்டேன். அப்புறம் வெயில் மேல். ஒரு நாளைக்குப் பத்து முறை, பன்னிரண்டு முறை. தண்ணீராக, நான் அதுவரை அறியாத ஒரு நாற்றத்தோடு. நிறுத்துகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நின்றது. நின்றதும் வயிறு ஊத ஆரம்பித்தது. போக ஆரம்பித்த முதல் இரண்டு நாளும் கடையைத் திறந்து, கையை விட்டு மாவு கலக்கி, தெருவுக்கே விற்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் பத்மாவதியைச் சொல்லிவிடுகிறேன். அவள் இல்லாமல் இந்தக் கதை இல்லை. எங்களுக்குப் பின் தெரு. சமணக் குடும்பம், பிறந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். தினமும் நாலு மணிக்குத் தூக்குவாளியோடு வருவாள். கிரைண்டரிலிருந்து வழித்த மாவைச் சுடச்சுட வாங்கிப்போய், பொழுது சாய்வதற்குள் தோசை ஊற்றிச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். புளித்த மாவைத் தொட மாட்டாள்.

"ராவெல்லாம் அதுக்குள்ள உசிருங்க பெருகிக்கினே இருக்குதுக்கா. காலையில ஆவியில வெச்சி வேக வெக்கறோம். எனக்கு மனசு வரலை" என்பாள்.

"உன் தோசையை ஜோடுக்கு அடிதோல் போடலாம்டி" என்பேன் நான். பத்து வருடமாக இதே கேலி. அவளும் சிரிப்பாள். குடிக்கிற தண்ணீரைக்கூட வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைக் கிணற்றிலேயே திரும்ப விடுகிறவள். காய்ச்சல் வந்தால் மிளகுக் கஷாயத்தோடு படுத்துக்கொள்வாள். எங்கள் எல்லோருக்கும் அவள் கொஞ்சம் பைத்தியம் என்றுதான் எண்ணம்.

மூன்றாம் நாள் மதியம் கடையிலேயே சாய்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கூடவே இன்னொரு ஆன்ட்டிபயாடிக்கும் ஏற்றினார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் நூற்றிமூன்றுக்குப் போனது. சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தினமும் பஸ் ஓட்டுகிற அதே சாலையில் தனசேகர் அன்று ஆம்புலன்ஸுக்குள் என் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம், "பாத்துப் போப்பா, உள்ள ஆள் இருக்குது" என்று அதட்டிக்கொண்டே வந்தார். 

சென்னையில் என்னைத் தனி அறையில் போட்டார்கள். கதவில் மஞ்சள் அட்டை. உள்ளே வருகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். எல்லா இடத்திலும் பாட்டிலில் வைத்திருக்கிறார்களே, கையில் தடவிக்கொள்ளும் மருந்து, அதற்கு இந்தக் கிருமி சாகாதாம். விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலில், கதவுப் பிடியில் ஒட்டிக் கிடக்குமாம். அறைக்கு வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் யாரோ என்னைத் தொட்டுவிட்டுத் தப்பித்துப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை நான் வெறுத்தேன்.

மலத்தைப் பரிசோதித்து முடிவு சொல்ல வந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். குடல் நிபுணர். கட்டில் ஓரத்தில் நின்று பொறுமையாகச் சொன்னார்.

"உங்க குடல்ல கோடிக்கணக்கான கிருமி இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கும். அதுல முக்காவாசி நல்லது. நாம சாப்பிடறதுல நம்மளால செரிக்க முடியாததை அதுங்க செரிக்குது. சில வைட்டமின் பண்ணிக் குடுக்குது. குடல் சுவரைக் காப்பாத்துது. எல்லாத்துக்கும் மேல, கெட்டது வந்தா உக்கார இடம் குடுக்காது."

"எனக்கு வந்திருக்கறது?"

"டிஃபிசில்னு ஒரு கெட்ட கிருமி. நல்லதுங்க இருக்கற வரைக்கும் அது மூலையில கெடக்கும். நீங்க போட்ட மாத்திரை நல்லதையெல்லாம் அழிச்சிடுச்சு. இது மட்டும் தப்பிச்சிது. காலி வீடு கெடைச்சதும் பெருகி, விஷம் கக்குது. அந்த விஷம் உங்க பெருங்குடலை அரிக்குது."

எனக்குச் சட்டென்று செல்வி கழுவிக் கவிழ்த்த அண்டா ஞாபகம் வந்தது. அடுத்த நொடியே, நான் கை விட்டுக் கலக்கிய அண்டாவும் ஞாபகம் வந்தது.

"டாக்டரம்மா, நான் மாவு விக்கறவ. ரெண்டு நாள் இதோட மாவு கலக்கிக் குடுத்துட்டேன். எங்க தெருவுக்கே..."

அவர் முகம் மாறியது. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நல்ல வயிறு இருக்கறவங்களை அது பெரும்பாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்களோட நல்ல கிருமிங்களே விரட்டிடும். ஆனா வயசானவங்க, என்னை மாதிரி யாராவது எழுதிக் குடுத்து ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவங்க... யாருக்காவது போகுதுன்னா உடனே காட்டச் சொல்லுங்க." தனசேகர் அன்றே ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டார். கடையிலிருந்த பாத்திரங்களையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னார்கள்; செல்வி கழுவினாள். யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் போன் வரும்போது, இன்றைக்கு யார் பெயரைச் சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பேன். நான் செத்தால் என்னோடு போகும். என் கையால் இன்னொருத்தர் செத்தால்?

அந்தக் கிருமியை மட்டும் அடக்குகிற மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். பத்து நாளில் நின்றது. வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது வாரம் திரும்ப வந்துவிட்டது. மறுபடி மருத்துவமனை, மறுபடி அதே மருந்து, இன்னும் அதிக நாளைக்கு. மறுபடி நின்றது. "வீடு இன்னும் காலியாத்தான் இருக்கும்மா. நல்லதுங்க திரும்பி வர்ற வரைக்கும் பயம்தான்" என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர்.

இங்கேதான் மாவுக்காரி புத்தி வேலை செய்தது. நல்ல கிருமி இல்லை, அவ்வளவுதானே? என் அண்டாவில் இல்லாததா? அண்டா காலியானால் நான் என்ன செய்வேன்? ஒரு கரண்டி பழைய மாவு போடுவேன். அப்படியானால் வயிற்றுக்கும் போட வேண்டியதுதான். வீட்டில் யாரும் இல்லாத மதிய வேளையில் கடைக்குள் போய், செல்வி ஆட்டி வைத்திருந்த, நன்றாகப் பொங்கிப் புளித்த பச்சை மாவை ஒரு டம்ளர் வழித்துக் குடித்தேன். குமட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது டம்ளரும் குடித்தேன். நாலு நாள் இப்படிச் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் வயிறு பானை போல ஊதிக்கொண்டது. காய்ச்சலும் திரும்ப வந்தது. ஆம்புலன்ஸில் போகும்போதுதான் தனசேகரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஏன்டி, என்னாண்டயாவது சொல்லிருக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மருத்துவரிடம் நானே ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "மாவு குடிச்சதால வரலைம்மா. அது எப்படியும் வந்திருக்கும். ஆனா மாவுல இருக்கற கிருமி வேற. அதுக்கு அரிசியும் உளுந்தும்தான் ஊரு. உங்க வயித்துக்கு வெளியூர் பஸ் மாதிரி வந்து நின்னுட்டுப் போயிடும். உங்களுக்கு வேணும்கறது குடியிருக்கறவங்க. அது இன்னொரு மனுஷ வயித்துலதான் இருக்குது."

"அதை எப்படி எடுக்கறது?"

அவர் சொன்னார். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தை வாங்கி, பரிசோதித்து, உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக என் பெருங்குடலுக்குள் விடுவார்களாம். தனசேகர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. "உறை ஊத்தறது! அதானே? நல்ல வீட்டுத் தயிருலேர்ந்து ஒரு கரண்டி" என்றேன். "அதேதான்" என்றார் மருத்துவர்.

ஆனால் அன்று மாலையே அறுவை மருத்துவர் வந்தார். எக்ஸ்ரேயில் என் பெருங்குடல் விரிந்துகொண்டே வருவதைக் காட்டினார். டயர் டியூப் மாதிரி ஒரு கறுப்பு நிழல். தினமும் படம் எடுத்து அதன் அகலத்தை அளப்போம், ஓர் அளவைத் தாண்டினால் வெடிக்கும், அதற்கு முன் பெருங்குடலை வெட்டி எடுத்துவிடுவோம் என்றார். பிறகு ஆயுள் முழுக்க வயிற்றில் ஒரு துவாரம், அதில் ஒரு பை. அதுவும் பிழைத்தால். அவர் போன பிறகு ஒரு நர்ஸ் வந்தாள். என்னை உட்காரவைத்து, படுக்கவைத்து, குனியவைத்துப் பார்த்து, தொப்புளுக்கு வலது பக்கத்தில் ஊதா நிறப் பேனாவால் வட்டமாக ஒரு புள்ளி வைத்தாள். பை வரப்போகிற இடம். "அழிஞ்சிடாம பாத்துக்குங்கம்மா" என்றாள். துடைத்தாலும் அது அழியவில்லை. போர்வைக்குள் அந்த இடத்தை நான் தொடாமலே கிடந்தேன்.

இப்போது கொடுக்கிறவர் வேண்டும். சர்க்கரை இருக்கக் கூடாது, குடல் நோய் இருக்கக் கூடாது, முக்கியமாகச் சமீபத்தில் ஆன்ட்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தனசேகருக்குச் சர்க்கரை. என் தம்பி போன மாதம்தான் சளிக்கு ஓர் அட்டை முழுங்கியிருந்தான். நிவேதா துள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் எதுவுமே சாப்பிட்டதில்லை டாக்டர். முகப்பருவுக்கு மட்டும் ஒரு டேப்லெட் எடுக்கறேன்." அந்த டேப்லெட்டும் ஆன்ட்டிபயாடிக்தானாம். எட்டு மாதமாகத் தினமும் ஒன்று. பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் சொந்தத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தோம். ஒருவர்கூடத் தேறவில்லை. நல்ல வீட்டுத் தயிர் என்று எந்த வீட்டைச் சொல்வது?

பத்மாவதி பெயரை நான் சொல்லவில்லை. கஷாயத்தைத் தவிர எதையும் தொடாதவள் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது, நாக்கு எழவில்லை. பத்து வருடம் கேலி செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? அதுவும் இதை! தனசேகர்தான் போன் போட்டார். மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் அவள் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மேலங்கி மாட்டிக்கொண்டு, என் அறையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"இன்னாக்கா இப்படி ஆயிட்டே."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருத்துவர் விஷயத்தைச் சொன்னார். பத்மாவதி கடைசி வரை கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணு தெரியணும்மா. அந்த உசிருங்களை எடுத்து அக்கா வயித்துல விட்டா, அதுங்க செத்துடுமா?" என்றாள்.

அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அதுவரை எல்லோருக்கும் அது மருந்து. அவளுக்கு மட்டும்தான் அது உயிர்.

"செத்தா எனக்கு உபயோகமே இல்லம்மா, உயிரோட போனாத்தான் வைத்தியம். ஆனா பொய் சொல்ல மாட்டேன். காத்துப் பட்டா சிலது தாங்காது, கொஞ்சம் சாகும். மிச்சம் அங்க போய்ப் பெருகும்" என்றார் மருத்துவர்.

  அவள் முடியாது என்று சொன்னால் சீக்கிரமே என் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளைக் கெஞ்ச வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கப் பயமாகவும் இருந்தது.

"தினமும் எப்படியும் கக்கூஸ்ல போய்த்தானே சாகுதுங்க. அக்கா வயித்துல போய் வாழட்டும்" என்றாள் கடைசியில்.

நான் அழுதேன். சத்தமாக அழுதேன். அழுதால் வயிறு வலித்தது, வலித்தாலும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம். அவளுடைய ரத்தம், மலம் எல்லாவற்றையும் சோதித்து முடிவு வர நாள் ஆகும். மஞ்சள் காமாலைக் கிருமியிலிருந்து குடற்புழு வரை எதுவும் இருக்கக் கூடாது. இங்கே என் எக்ஸ்ரே நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போனது. காலையில் படம் எடுக்கும் வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். பத்மாவதி இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது பேசுவாள். ஒரு நாள் போனில் ஒரு படம் காட்டினாள். அவள் கணவர் ஜெயசீலன் வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருக்கிறார். படத்தில் பிடுங்கிய உளுந்துச் செடி ஒன்று; வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு.

"இதுக்குள்ளயும் உசிருதான்க்கா இருக்குது. காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சி செடிக்குக் குடுக்குதாம். அதனால எங்க வீட்டுக்காரர் உளுந்துக்கு யூரியாவே போட மாட்டார். அறுத்தப்புறம் வேரை அப்படியே மடக்கி உழுதுடுவாரு. அடுத்த நெல்லுக்கும் அதான் எரு. ஒரு வருசம் பக்கத்து நிலத்துக்காரர் பேச்சைக் கேட்டு எதையோ கொட்டிட்டாரு. மண்ணு செத்துப் போச்சி. மூணு வருசம் மண்புழுகூட வரலை."

"மூணு வருசமா?"

"ஆமாக்கா. வரும், ஆனா லேட்டாதான் வரும்."

எனக்கு மூன்று வருடம் கிடையாது. மூன்று நாள்கூடக் கிடையாது. மறுநாள் காலைப் படத்தைப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர் தனசேகரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாளை காலை முதல் ஆபரேஷன் என்னுடையது. தனசேகர் பேனாவை மூடத் தெரியாமல் மூடியைத் தேடிக்கொண்டே நின்றார். நிவேதா என் தலையைப் பின்னிவிட்டாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். அவள் கைக்கு வேறு வேலை தெரியவில்லை, பாவம்.

மதியம் ஒன்றரை மணிக்கு வெளியே குழாய் திறந்த சத்தம், இந்த முறை உள்ளே வருகிறவருடையது. குடல் மருத்துவர் கையில் தாளோடு வந்தார். பத்மாவதியின் முடிவுகள் வந்துவிட்டன. எதுவுமே இல்லை, எல்லாம் சுத்தம். அறுவை மருத்துவரிடம் ஒரு நாள் மட்டும் கெஞ்சி வாங்கியிருந்தார். காலையிலேயே வரச் சொல்லியிருந்ததால் பத்மாவதி கீழேதான் இருந்தாள். மீதியை விவரிக்க வேண்டாம். மூன்றரை மணிக்கு என்னை மயக்கி, குழாய் வழியாக அவள் கொடுத்ததை எனக்குள் விட்டார்கள். விழித்ததும் வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு சொட்டும் வீணாகிவிடக் கூடாது.

மறுநாள் எக்ஸ்ரே விரியவில்லை. அதற்கு மறுநாள் ஒரு விரற்கடை சுருங்கியது. காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் காலை, மாதக்கணக்கில் பார்க்காத ஒன்றைக் கழிவறையில் பார்த்தேன். தண்ணீராக இல்லை, உருவமாக இருந்தது. "ஏங்க, இங்க வாங்க!" என்று கத்தினேன். பதறி ஓடிவந்த தனசேகர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எதைப் பார்த்துக் கும்பிட்டார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

வீடு திரும்பி ஏழு மாதம் ஆகிறது. பல்லைப் பிடுங்கிவிட்டேன். ஊதாப் புள்ளி தேய்ந்துவிட்டது. பத்மாவதி இப்போதும் நாலு மணிக்குத் தூக்குவாளியோடு வருவாள். முன்பெல்லாம் "எப்படிக்கா இருக்கே?" என்பாள். இப்போது என் வயிற்றைப் பார்த்து, "எப்படி இருக்குதுங்க?" என்பாள். "கொழுத்துப் போய் இருக்குதுங்க" என்பேன். இத்தோடு எழுதி முடித்திருக்கலாம். போன வாரம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஜெயசீலன் போன் செய்தார். பத்மாவதிக்கு மூன்று நாளாகக் குளிர் காய்ச்சல், சிறுநீரில் கிருமி. கஷாயம் குடித்துக்கொண்டு சொல்லாமல் படுத்திருந்திருக்கிறாள். இப்போது கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருக்கிறார். உடனே ஆன்ட்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்கிறார்கள், இவள் கையை நீட்ட மாட்டேன் என்கிறாள். நான் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

கட்டிலில் அவள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஊசியோடு நின்றாள். டாக்டர், "பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க, ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து" என்றார்.

"நான் பாத்தேனேக்கா, உனக்கு என்ன ஆச்சின்னு. இதைப் போட்டா உள்ள இருக்கறது அத்தனையும் சாகும். அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றாள் பத்மாவதி. குரலே இல்லை.

"ஏய், நான் போட்டது திமிருல போட்டது. கேக்காம கொள்ளாம மூணு அட்டை. இது அது இல்லடி. இது போடலைன்னா நீ போயிடுவே. நீ போனா அதுங்க மட்டும் இருக்குமா?"

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். கட்டிலில் உட்கார்ந்து அவள் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இங்க பாரு. நீ குடுத்ததெல்லாம் எங்கிட்ட இருக்குது. ஒண்ணும் சாகலை. உன்னுது போச்சின்னா திருப்பி எடுத்துக்கோ, அத்தனையும் உன்னுதுதான். நான் பத்திரமா வெச்சிருக்கேன். கையை நீட்டு."

அவள் மார்போடு கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள். நர்ஸ் நரம்பைத் தேடிக் குத்தும் வரை நான் அந்த விரல்களை விடவில்லை.

நேற்றுக் காய்ச்சல் இறங்கியது. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து அவளே போன் செய்தாள். "அக்கா, விடிஞ்சதுலேர்ந்து ரெண்டு தடவை போயிடுச்சி. மருந்தாலதான் இருக்கும், டெஸ்டுக்குக் குடுத்திருக்காங்க. எதுக்கும் நீ மாத்திரை கீத்திரை ஒண்ணும் போட்டுக்காம இரு."

போட்டுக்கொள்ளவில்லை. தலைவலிக்குக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. தயாராக இருக்கிறேன்.